சன்னத்தும் சாட்டையும்: வழக்கறிஞர் மீதான ஒழுங்கு நடவடிக்கை யாரைக் காக்கிறது?

1908இல் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு அரசத் துரோகக் குற்றத்துக்காக இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அவர் இழந்த கப்பல் கம்பெனியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் அவர் இழந்த சன்னத்தை, அதாவது வழக்காடும் உரிமத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது, பிழைப்புக்கு அவருக்குத் தெரிந்த தொழில் வக்கீல் தொழில்தான். அதைச் செய்யும் உரிமை பறிபோயிருந்தது. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்தும் நண்பர்களிடம் கைநீட்டியும் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைத் தள்ளினார். திருநெல்வேலியில் அவரை அறிந்திருந்த ஆங்கில அதிகாரி ஈ.எச். வாலஸ் பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அவர் எடுத்த முயற்சியால் சன்னத் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் அகமதாபாத்திலும் ஒன்று நடந்தது. ரவுலட் சட்டத்தை எதிர்த்து சத்தியாகிரக உறுதிமொழியில் கையெழுத்திட்ட வழக்கறிஞர்களைப் பற்றி அங்கிருந்த மாவட்ட நீதிபதி 1919இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். இப்படி உறுதிமொழி எடுத்தவர்கள் தொழிலில் நீடிக்கலாமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. அந்தக் கடிதத்தைக் கருத்துரையோடு ‘யங் இந்தியா’வில் வெளியிட்ட காந்தி நீதிமன்ற அவமதிப்புக்காகக் கண்டிக்கப்பட்டார். 1922இல் அவர் அரசத் துரோக வழக்கில் சிறை சென்றதும் லண்டன் இன்னர் டெம்பிள் அவருடைய பெயரைப் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து நீக்கியது. பெயரை மீண்டும் சேர்த்தது 1988இல். அவர் கொல்லப்பட்டு நாற்பது ஆண்டுகள் கழித்து.

இவற்றை விடுதலைப் போராட்ட வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். வழக்கறிஞர் தொழிலின் வரலாறாகப் படித்தால் இன்னொன்று கண்ணில் படும். இவர்களில் யாரும் கட்சிக்காரரை ஏமாற்றியதாகவோ, பொய்ச் சாட்சி தயாரித்ததாகவோ, நீதிமன்ற ஆவணத்தைத் திருத்தியதாகவோ குற்றச்சாட்டு இல்லை. ஆட்சிக்கு ஆகாதவர்களாக இருந்தார்கள். நூறாண்டுக்குப் பிறகும் இந்த அமைப்பின் சாய்வு பெரிதாக மாறிவிடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதிகாரத்தை உரசிய வழக்கறிஞர் மீது நடவடிக்கை விரைந்து பாய்கிறது. கட்சிக்காரரின் பணத்தை விழுங்கியவர் மீது அது தவழ்ந்து செல்கிறது. வரம்பு மீறல் ஒரு குறை, மெத்தனம் வேறொரு குறை என்று நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். என் பார்வையில் இரண்டுக்கும் வேர் ஒன்று: ஒழுங்கு நடவடிக்கை என்பது பாதிக்கப்பட்டவருக்கான பரிகாரமாக இல்லாமல், அதை நடத்துகிறவர்களின் மரியாதைக்கான காவலாகிவிட்டது.

சட்டத்தின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். 1926ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டத்தின்படி வழக்கறிஞரைத் தண்டிக்கும் இறுதி அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இருந்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அதைத் தொழிலின் கையிலேயே ஒப்படைத்தது. மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் வருகிறது. தவறு நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் 35ஆம் பிரிவின்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்புகிறார்கள். குழுவில் மூவர்: இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் மூத்த வழக்கறிஞர். புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு இடைநீக்கம் செய்யலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். அறுபது நாளுக்குள் அகில இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு; அதற்கும் மேல் உச்ச நீதிமன்றம். தாளில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. அரசின் கையில் இந்த அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதை வ.உ.சி.யின் தலைமுறை பார்த்துவிட்டதால், சுயாட்சி என்பது இந்தத் தொழிலுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை என்று நான் சொல்லமாட்டேன். அது அவசியம்.

ஆனால் அந்தச் சுயாட்சி கட்சிக்காரருக்கு என்ன செய்திருக்கிறது? சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ரங்கதுரை வழக்கு இதற்கு நல்ல சான்று. காது கேளாத எழுபது வயது முதியவர் ஒருவரும் அவருடைய மனைவியும் இரண்டு பிராமிசரி நோட்டுகளை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்தார்கள். ஒன்று 15,000 ரூபாய்க்கு, மற்றொன்று 5,000 ரூபாய்க்கு. இரண்டும் 1969 ஆகஸ்ட்டில் எழுதப்பட்டவை. கோர்ட் கட்டணத்துக்கும் செலவுக்கும் பணம் வாங்கிக்கொண்ட வழக்கறிஞர் வழக்கே தாக்கல் செய்யவில்லை. தாக்கல் ஆகிவிட்டது என்றார். வாய்தா தேதிகளைச் சொன்னார். பிறகு டிக்ரி ஆகிவிட்டது என்றும் சொன்னார். அதை நம்பி அந்த முதியவர்கள் கடன் வாங்கியவருக்கு வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்பினார்கள். இதற்கிடையில் நோட்டுகளுக்கான காலவரம்பு முடிந்துபோனது.

தமிழ்நாடு பார் கவுன்சிலின் குழு அவரை ஆறு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. அகில இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தண்டனைக்குப் புதிய வடிவம் கொடுத்தார்: பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும், இடைநீக்கம் 1979 ஆகஸ்ட் 14ஆம் தேதியோடு முடியும், அதன் பின் சட்ட உதவி அமைப்பின் கீழ் ஓராண்டு ஏழைகளுக்காக வேலை செய்ய வேண்டும். அமர்வில் இருந்த நீதிபதி ஏ.பி. சென் இதற்கு உடன்படவில்லை. தண்டனையில் தலையிடக் காரணமில்லை என்றார்.

மனிதநேயத் தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் இதைப் பாராட்டிச் சொல்லித்தருகிறார்கள். தவறு செய்தவரைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் அந்த இரண்டு நோட்டுகளையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 20,000 ரூபாய் அசல் போயிற்று, வட்டி போயிற்று. கைக்கு வந்தது 2,500. அதுவும் ஒரு நீதிபதியின் பெருமனதால் வந்தது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்லும் தண்டனைகளில் ‘வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு’ என்பது இன்றுவரை இல்லை. கவுன்சிலின் கதவைத் தட்டி வெற்றி பெற்றாலும் கட்சிக்காரர் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும்.

காலம் இன்னொரு கொடுமை. 36பி பிரிவின்படி மாநிலக் குழு ஓராண்டுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் கோப்பு அகில இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். தாமதத்தைத் தடுக்கப் போட்ட விதி இது. நடைமுறையில் தாமதிப்பதற்கே வழியாகிவிட்டது. ஓராண்டு வாய்தா போட்டுக் கடத்தினால் போதும், கோப்பு டெல்லிக்குப் போய்விடும். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் தன் வக்கீல் மீது கொடுத்த புகாருக்காக அதன்பின் டெல்லிக்கு அலைய முடியுமா? 2021 டிசம்பரில் அஞ்சினப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. மாநில கவுன்சில்கள் ஓராண்டுக்குள் தாங்களே முடிக்க வேண்டும், கோப்பை மாற்றுவது அரிதாக நடக்க வேண்டும், மாறி வந்தவற்றை அகில இந்திய கவுன்சிலும் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றது. சட்டத்தில் ஐம்பது ஆண்டுக்கு அருகே இருந்துவந்த கடமையை நினைவூட்ட உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

வேறு கதவு இருந்ததா என்றால், இருந்தது. வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் சொல்லியிருந்தது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. வழக்கறிஞர் தொழில் தனித்தன்மை உடையது, நுகர்வோர் சட்டத்துக்குள் அது வராது என்பது தீர்ப்பு. தர்க்கத்தில் நியாயம் உண்டு. வழக்கறிஞருக்கு நீதிமன்றத்தின்பாலும் கடமை இருப்பதால் கட்சிக்காரர் சொல்வதை எல்லாம் அவர் செய்ய முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சாதாரணக் கட்சிக்காரருக்கு எஞ்சியவை இரண்டுதான்: சிவில் வழக்கு, பார் கவுன்சில். வக்கீலால் ஏமாற்றப்பட்டவர் இன்னொரு வக்கீலை வைத்து நட்ட ஈட்டு வழக்குப் போட வேண்டும். ஒரே ஊரில், ஒரே வழக்கறிஞர் சங்கத்தில் இருப்பவர்கள் எளிதில் அந்த வக்காலத்தை எடுக்கமாட்டார்கள் என்பது கோர்ட் வாசலுக்குப் போய் வந்த எவருக்கும் தெரியும். ஆக, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் பொறுப்பு 2024க்குப் பிறகு இரட்டிப்பாகியிருக்கிறது. குழுவின் அமைப்போ 1961இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடுத்தது, இந்த அமைப்பு எப்போது வேகம் பிடிக்கிறது என்பது.

1994இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியோடு கடுமையாக மோதினார் வினய் சந்திர மிஸ்ரா. அவர் அப்போது அகில இந்திய பார் கவுன்சிலின் தலைவர். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவரை அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்மானித்தது. கூடவே மூன்றாண்டு வழக்காடவும் தடை விதித்தது. அவருடைய நடத்தையை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. கேள்வி அதிகாரத்தைப் பற்றியது. அவமதிப்புக்குச் சிறை உண்டு, அபராதம் உண்டு. தொழில் உரிமையைப் பறிக்க வேறு சட்டம், வேறு அமைப்பு, வேறு விசாரணை முறை இருக்கிறது. நீதிமன்றம் அந்த முறையைத் தாண்டி நேரே சன்னத்தில் கை வைக்கலாமா? 1998இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு ‘கூடாது’ என்றது. உச்ச நீதிமன்றத்துக்கு முழு நீதி வழங்க 142ஆம் உறுப்பு தரும் பரந்த அதிகாரத்தைக்கூட ஒரு சட்டம் வகுத்த முறையை மிதித்துக்கொண்டு பயன்படுத்த முடியாது என்று சொல்லி முந்தைய முடிவை அந்த அளவில் திருத்தியது. தன் வரம்பைத் தானே குறுக்கிக்கொண்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு என்பதால் எனக்கு இதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் பாடம் சென்னையில் மறந்துபோனது. பின்னணியைச் சொல்லிவிட வேண்டும். 2009இல் ஆர்.கே. ஆனந்த் வழக்கில், சாட்சியை விலைபேசிய விவகாரத்தை விசாரித்த உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தோன்றுவதை ஒழுங்குபடுத்த 34ஆம் பிரிவின் கீழ் விதிகளை உருவாக்குமாறு உயர் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. அதே 2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் போலீஸ் நடத்திய தடியடி வழக்கறிஞர்களுக்கும் மற்ற அமைப்புகளுக்கும் இடையிலான உறவில் ஆறாத காயமாக நின்றது. 2015இல் மதுரையில் ஹெல்மெட் உத்தரவை எதிர்த்து எழுந்த போராட்டம், தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரி தலைமை நீதிபதியின் அரங்குக்குள்ளேயே நடந்த உள்ளிருப்பு என்று பதற்றம் ஏறிக்கொண்டே போனது. இந்தச் சூழலில், 2016 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றம் 14ஏ முதல் 14டி வரை புதிய விதிகளை அறிவித்தது.

அந்த விதிகளின் பட்டியலைப் படிக்கும்போது கவனம் வேண்டும். நீதிபதியின் பெயரைச் சொல்லிக் கட்சிக்காரரிடம் பணம் வாங்குவது, நீதிமன்ற ஆவணத்தைத் திருத்துவது, குடித்துவிட்டு வழக்காட வருவது ஆகியவை அதில் இருந்தன. இவற்றைச் செய்கிறவர் ஒரு நாளும் கறுப்பு அங்கி அணியக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. அதே பட்டியலில், அதே தண்டனையோடு, நீதிபதியைப் பற்றி ஆதாரமற்ற குற்றச்சாட்டை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதும், வளாகத்துக்குள் ஊர்வலத்தில் பங்கெடுப்பதும், அரங்குக்குள் பதாகை பிடிப்பதும் வைக்கப்பட்டன. தடை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே. ஆதாரமற்றது என்று முடிவு செய்வதும் அவர்களே. ஒரு மாவட்டத்தில் நீதித்துறை அதிகாரி ஒருவர் லஞ்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் அறியக்கூடியவர் அங்கே தினமும் வழக்காடும் வழக்கறிஞர். மேலிடத்துக்கு மனு எழுதினால் பிழைப்பு போகும் என்ற நிலையில் யார் எழுதுவார்? புகார்தாரர், சாட்சி, நீதிபதி மூவரும் ஒருவரே ஆகும் விசாரணையை வேறு எந்தத் துறையில் நடத்தினாலும் இதே உயர் நீதிமன்றம் ஒரு ரிட் மனுவில் ரத்து செய்துவிடும்.

மாநிலம் முழுக்க வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணித்தார்கள். ஜூலை 25 அன்று சென்னையில் உயர் நீதிமன்றத்தை முற்றுகையிட்டார்கள். அகில இந்திய பார் கவுன்சில் 126 வழக்கறிஞர்களை இடைநீக்கம் செய்தது. ஒழுங்கு நடவடிக்கை என்பது தனிமனிதர் ஒருவர் செய்த தவறைத் தனியே விசாரிப்பது. 126 பேரை விசாரணை முடியுமுன் ஒரே வீச்சில் தொழிலிலிருந்து நிறுத்துவது அந்த இலக்கணத்துக்குள் அடங்காது. ஓராண்டில் ஒரு புகாரை முடிக்க இயலாத அமைப்புக்கு இத்தனை பேர்மீது சில நாளில் உத்தரவு போட முடிந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

2019 ஜனவரி 28 அன்று முத்துகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. 34ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தருவது வழக்காடுவதற்கான நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரம்; தண்டிக்கும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உரியது; அஞ்சி நிற்கும் வழக்கறிஞர் சமூகத்தால் நீதித்துறையின் சுதந்திரத்தையும் காக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இதே தீர்ப்பு வழக்கறிஞர்களின் புறக்கணிப்புப் போராட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. அதிலும் நியாயம் இருக்கிறது. 2002இல் ஹரிஷ் உப்பல் வழக்கிலேயே வேலைநிறுத்தம் செய்ய வழக்கறிஞர்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. புறக்கணிப்பு நாளில் ஜாமீன் மனு எடுக்கப்படாமல் இன்னொரு வாரம் சிறையில் கிடப்பவர் ஏழைதான். கவுன்சில்கள் இதில் நடவடிக்கை எடுத்திருந்தால் நீதிபதிகள் எல்லை தாண்டுவதற்குச் சாக்குக் கிடைத்திருக்காது. எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்: புறக்கணிப்பை நடத்துகிறவர்கள்தான் வாக்காளர்கள். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலின் 25 உறுப்பினர்களையும் தேர்ந்தெடுப்பவர்கள், அவர்கள் நாளை விசாரிக்க வேண்டிய வழக்கறிஞர்களே.

கவுன்சில் தன் சொந்த மரியாதைக்காகவும் இந்த ஆயுதத்தை எடுத்திருக்கிறது. 2021 ஜூனில் அகில இந்திய பார் கவுன்சில் கொண்டுவந்த விதித் திருத்தம், பார் கவுன்சிலின் முடிவுகளைப் பொதுவெளியில் தாக்கிப் பேசுவதையே தொழில்முறைத் தவறாக்கியது. தேர்தலில் நிற்கும் தகுதியும் போகலாம், சன்னத்தும் இடைநிறுத்தப்படலாம். எதிர்ப்பு கிளம்பி வழக்குகள் வந்ததும் அதை நடைமுறைப்படுத்தாமல் நிறுத்திவைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, பிரசாந்த் பூஷணின் ட்விட்டர் பதிவுகளுக்காக உச்ச நீதிமன்றம் ஒரு ரூபாய் அபராதம் விதித்த கையோடு, அவர் மீது நடவடிக்கை எடுப்பதைப் பற்றி ஆராயும்படி டெல்லி பார் கவுன்சிலுக்கு அகில இந்திய கவுன்சில் உத்தரவிட்டது. அந்தப் பதிவுகளால் எந்தக் கட்சிக்காரருக்கும் காலணா நஷ்டமில்லை.

பெரிய பெயர்கள் தப்பித்துக்கொள்ளும். பத்திரிகைகள் பேசும், மூத்த வழக்கறிஞர்கள் வாதாட வருவார்கள். எனக்குக் கவலை சின்ன மனிதர்களைப் பற்றியது. 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சாய்பாபா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மாற்றுத்திறனாளி, வழக்கறிஞராகப் பதிவு செய்தவர். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்த எஸ்.டி.டி. பூத் ஒன்று அவர் பெயரில் இருந்தது. வழக்கறிஞர் வியாபாரம் செய்யக் கூடாது என்ற விதியைக் காட்டிப் புகார் வந்தது. அகில இந்திய பார் கவுன்சில் அவருடைய பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்க உத்தரவிட்டது. சீராய்வு கேட்டுப் போனால், உத்தரவு தேதியிலிருந்து அறுபது நாள் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பெயர் நீக்கத்தையும் ரத்து செய்தது. டெலிபோன் பூத்துக்குத் தண்டனை ஆயுள் முழுக்கத் தொழிலிழப்பு. முதியவர்களின் பிராமிசரி நோட்டுகளை விழுங்கியதற்கு ஓராண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், எந்தத் தவறுக்கு எவ்வளவு என்ற அளவுகோலே இந்த அமைப்பிடம் இல்லை என்பது தெளிவாகிறது. சட்டமும் கொடுக்கவில்லை, எது தொழில்முறைத் தவறு என்று வழக்கறிஞர்கள் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை.

வரையறை இல்லாத இடத்தில் நீதிமன்றங்கள் சில வேலிகளைப் போட்டிருக்கின்றன. தவறான சட்ட ஆலோசனை வேறு, முறைகேடான ஆலோசனை வேறு என்று 1983இல் காண்டேகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியமானது. நல்லெண்ணத்தில் செய்த பிழைக்கு ஒருவரின் சன்னத்தைப் பறிக்க முடியாது. குற்றச்சாட்டு பாதிக் குற்றவியல் தன்மை கொண்டது, எனவே மெய்ப்பிப்பதும் அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும் என்பதும் நிலைபெற்ற கருத்து. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மீது வன்மத்தில் புகார் கொடுக்கும் வழக்கம் பெருகியிருப்பதால் இவை இன்று கூடுதலாகத் தேவைப்படுகின்றன. நிலத்தகராறில் தோற்றவர், விவாகரத்து வழக்கில் குறுக்கு விசாரணையால் கொதித்தவர், வென்ற தரப்பின் வக்கீல் மீது பாய்கிறார். 2025 செப்டம்பரில் இப்படி ஒரு புகாரை யோசிக்காமல் குழுவுக்கு அனுப்பிய மகாராஷ்டிரா, கோவா பார் கவுன்சிலுக்கு உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் அபராதம் விதித்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு புகார்தாரருக்கு எந்தத் தொழில்முறை உறவும் இல்லை, நம்பக் காரணம் உண்டா என்று ஆராயாமல் புகாரை அனுப்பக் கூடாது என்றது. முதல் படியிலேயே சலித்து எடுத்தால் பொய்ப் புகாரில் சிக்கியவருக்கும் நிம்மதி, உண்மையான புகார்தாரருக்கும் வழி விரைவில் திறக்கும்.

இடைக்காலத் தடை இதைவிடச் சிக்கலானது. கொலை வழக்கிலோ நில அபகரிப்பிலோ கைதான வழக்கறிஞர்கள் தொழில் செய்ய மாநில கவுன்சில் தடை விதித்தது என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. ரவுடிகள் கறுப்பு அங்கிக்குள் ஒளிவதைத் தடுக்க வேண்டும் என்ற மக்கள் கோபம் நியாயமானது. ஆனால் 35ஆம் பிரிவில் விசாரணைக்கு முந்தைய தடை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. குற்ற வழக்குகள் பத்தாண்டு நடக்கும் நாட்டில் வழக்கு முடியும்வரை தடை என்றால் அது தண்டனைதான். அதைக் கொலையாளிக்கு மட்டும் விதிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மறியலில் கைதாகும் வழக்கறிஞர்மீதும் எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. காவல் நிலையச் சித்திரவதையை எதிர்த்து வழக்காடுகிறவர்மீது எஃப்.ஐ.ஆர். போடுவது போலீசுக்குப் பெரிய காரியமில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பதில் ஒரு சிலவே நமக்குப் பயன்படும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் ரஃபாலோ வழக்கில், விசாரணையின் நடுவே புதிதாகச் சேர்த்த குற்றச்சாட்டைக் கொண்டு வழக்கறிஞரின் உரிமத்தைப் பறித்தது செல்லாது என்றது. குற்றச்சாட்டு என்ன என்பது தொடக்கத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களை விசாரித்துக் குற்றம் சாட்டுவது ஓர் அமைப்பு, தீர்ப்புச் சொல்வது தனித் தீர்ப்பாயம். அதன் அமர்வில் சட்டத் துறையைச் சாராத ஒருவர் இருப்பார். கட்சிக்காரருக்கு ஏற்பட்ட குறைபாட்டுக்கு ஈடு பெற்றுத் தரத் தனியாகச் சட்டக் குறைதீர்ப்பாளர் 2010 முதல் இயங்குகிறார். இலங்கையில் 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் சட்டத்தரணியை நீக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்களிடம் கொடுத்திருக்கிறது. சென்னையின் அனுபவத்துக்குப் பிறகு அந்த முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அரசு நுழைவதையும் பரிந்துரைக்கமாட்டேன். 2016இல் மஹிபால் சிங் ராணா வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டதன் பேரில் சட்ட ஆணையம் மறு ஆண்டு 266ஆவது அறிக்கையைத் தந்தது. அந்த வழியில் 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட திருத்த வரைவு, புறக்கணிப்பைத் தடை செய்ததோடு நில்லாமல், அகில இந்திய பார் கவுன்சிலில் ஒன்றிய அரசின் நியமன உறுப்பினர்களையும், கவுன்சிலுக்கு அரசு கட்டளையிடும் அதிகாரத்தையும் சேர்த்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்து பத்து நாளுக்குள் வரைவு திரும்பப் பெறப்பட்டது. இந்த நாட்டில் மிகப் பெரிய வழக்காடி அரசுதான். தன்னை எதிர்த்து வாதாடுகிறவரின் சன்னத்தில் அதற்குப் பிடி இருக்கக் கூடாது.

என் முடிவு இதுதான். அதிகாரம் பார் கவுன்சிலிடமே இருக்கட்டும்; ஆனால் அதைச் செலுத்தும் கைகள் மாற வேண்டும். புகாரை ஆராய்ந்து குற்றச்சாட்டு வரைபவர் தேர்தலில் நிற்காத முழுநேர அதிகாரியாக இருக்கட்டும். தீர்ப்புச் சொல்லும் மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியாகவும் ஒருவர் வழக்கறிஞர் அல்லாத குடிமகனாகவும் இருக்கட்டும். இடைக்காலத் தடை விதிக்குமுன் நோட்டீஸ் கொடுத்து, காரணத்தை எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பேச்சு, ஊர்வலம், விமர்சனம் எதுவும் சன்னத்தைத் தொடக் கூடாது. அவமதிப்பு என்றால் அவமதிப்புச் சட்டம் இருக்கிறது. 35ஆம் பிரிவில் ‘பணத்தைத் திருப்பித் தர உத்தரவிடலாம்’ என்ற ஒரு வரியை நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வந்த புகார்கள் எத்தனை, ஓராண்டுக்குள் முடிந்தவை எத்தனை, டெல்லிக்குத் தள்ளியவை எத்தனை, தண்டனை என்ன என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் வெளியிடலாம். அதற்கு ஒரு தீர்மானம் போதும். வழக்கறிஞர் நண்பர்களே, அடுத்த பார் கவுன்சில் தேர்தலில் வாக்குக் கேட்டு உங்கள் சேம்பருக்கு வருகிறவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். கணக்கு இல்லை என்று சொல்கிறவருக்கு வாக்களிக்காதீர்கள்.